உள்ளே வரவும் வெளியே போகவும்

தியானப் பகுதி: யோவான் 10:1–10, லூக்கா 8:26–39



நம் ஆண்டவர் தம்மை ஆட்டுத்தொழுவத்தின் வாசலுக்கு ஒப்பிட்டுப் பேசிய பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்த வாசல் வழியாய் உள்ளே நுழைகிறவனுக்கு இரட்சிப்பு உண்டு என்பதை நாம் மறப்பதில்லை. எத்தனையோ கூட்டங்களில் அதைப் பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் அதே வசனத்தின் பிற்பகுதியை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். உள்ளே நுழைந்தவன் வெளியேயும் போவான். போகிற இடத்தில் மேய்ச்சலைக் காண்பான் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது (யோவான் 10:9). ஆண்டவர் காட்டும் வாசல் இரு புறமும் திறக்கிற வாசல். ஒரு புறம் மட்டும் திறக்கிற கதவு தொழுவத்துக்கு உரியதல்ல, கூண்டுக்கு உரியது.

வீடற்ற மக்களுக்கு ஊழியம் செய்ய விரும்பும் நாம் ஒவ்வொருவரும் இந்த ஒரு வசனத்தை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் என்பதை இம்மாதம் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து சில காரியங்களை எடுத்துத் தியானிப்போம்.

பகலில் எங்கே போவது?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நம் தேசத்தில் வீடற்றோர் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகம் என்று கணக்கிட்டது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் தங்குமிடத் திட்டம், ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்றும், அது ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்றும் அளவு வைத்தது. இரவும் பகலும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வீடற்றோர் என்றவுடன் நமக்கு இரவும் குளிரும் போர்வையும்தான் நினைவுக்கு வருகின்றன. பகலைப் பற்றி நாம் யோசிப்பதில்லை.

இரவில் படுக்க ஓர் இடம் கிடைத்தவனும் விடிந்ததும் எழுந்து நடக்க வேண்டும். எங்கே குளிப்பான்? ஈரத் துணியை எங்கே உலர்த்துவான்? கைப்பையை யாரிடம் ஒப்படைத்துவிட்டு வேலை தேடப் போவான்? ஒரு பெண் எங்கே உடை மாற்றுவாள்? ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமான் போன்ற இடத்தில், பகல் மழையில் கடைத் திண்ணையிலிருந்து விரட்டப்படுகிறவன் எங்கே ஒதுங்குவான்? கப்பல் ஏறி வேலை தேடித் தீவுக்கு வந்து, வேலை முடிந்தபின் திரும்பிப் போகப் பயணச்சீட்டுக்கு வழியில்லாமல் நிற்கிற ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கும் அவன் ஊருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கிறது.

இந்தப் பகல் நேரத்துக்காகவே பல நாடுகளில் திருச்சபைகள் பகல் இல்லங்களை நடத்துகின்றன. முதல் உலகப் போரின் நாட்களில் லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் போதகர் டிக் ஷெப்பர்ட், போர்முனைக்குப் போகிற சிப்பாய்களுக்கும் தெருவில் கிடந்தவர்களுக்கும் ஆலயத்தின் கதவைத் திறந்துவைத்தார். அந்த ஊழியம் இன்று வேறு உருவில் தொடர்கிறது. 1876-ல் தொடங்கிய வைட்சேப்பல் மிஷன் அதே நகரத்தில் காலை ஆகாரம் பரிமாறிவருகிறது. வருகிறவர் குளிக்கலாம், உண்ணலாம், சற்று உட்காரலாம், ஆலோசனை கேட்கலாம், பின்பு போகலாம். விசுவாசிகள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து, சம்பளம் வாங்காமல், அங்கே பாத்திரம் கழுவுகிறார்கள்.

இது எளிய ஊழியமாகத் தோன்றும். ஆனால் இதிலும் நாம் தவற முடியும். எவ்வளவு பயங்கரமாகத் தவற முடியும் என்பதற்கு அந்தமானில் ஒரு சாட்சி இருக்கிறது.

ரோஸ் தீவில் ஒரு இல்லம்

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரின் அபர்தீன் படகுத்துறையிலிருந்து சில நிமிடப் படகுப் பயணத்தில் ஒரு சிறு தீவு இருக்கிறது. முன்பு ரோஸ் தீவு. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1858-ல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை ஏற்படுத்தியபின் அதுவே ஆட்சியின் தலைமையிடமாயிற்று. இன்று அங்கே போகிறவர்கள் கூரையில்லாத ஆலயச் சுவர்களையும் அவற்றைப் பற்றிப் பிடித்திருக்கும் ஆலமர வேர்களையும் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே ஒரு இல்லம் இருந்தது என்பது அநேகருக்குத் தெரியாது.

1863-ல் ஹென்றி கார்பின் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் அந்தத் தீவில் 'அந்தமான் இல்லம்' ஒன்றை நடத்தத் தொடங்கினார். பிடித்துக் கொண்டுவரப்பட்ட அந்தமானியர் சிலரையும், அவர்களைக் காண வந்த உறவினரையும் சுற்றி அது வளர்ந்தது. அவர்களுக்கு உணவு கொடுக்கப்பட்டது, உடை கொடுக்கப்பட்டது, ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது, வேலை பழக்கப்பட்டது. கார்பின் கொடியவர் அல்லர். காட்டு மனிதர் என்று மற்றவர் வெறுத்த மக்களோடு அவர் பொறுமையாய்ப் பழகினார். அவர்களை நாகரிகத்துக்குள் நடத்துவது தம் கிறிஸ்தவக் கடமை என்று நம்பினார்.

ஆனால் அந்த இல்லத்துக்குக் காவல் இருந்தது. தண்டனைக் கைதிகளே காவலாளிகள். உள்ளே வந்தவர் தம் விருப்பப்படி வெளியே போக முடியவில்லை. சிலர் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது அவர்களைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. 1864-ல் இல்லத்திலிருந்தவர்கள் தப்பி ஓடினார்கள். அதே ஆண்டில் கார்பினும் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

இல்லம் மட்டும் நிற்கவில்லை. வேறு அதிகாரிகளின் கையில் தொடர்ந்தது, கிளைகள் பெருகின, காவலும் பிற்பாடு தளர்ந்தது. ஆனால் அதற்குள் நோய்கள் உள்ளே நுழைந்துவிட்டன. 1877-ல் பரவிய அம்மை அந்த மக்களில் பெரும் பகுதியினரை வாரிக்கொண்டு போயிற்று. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர்.

பிரியமானவர்களே, ஒரு கேள்வி கேட்போம். அந்தமானியர் வீடற்றவர்களா? இல்லை. காடு அவர்கள் வீடு. கடற்கரை அவர்கள் முற்றம். குடியிருப்புக்காகக் காட்டை வெட்டியவர்கள் அவர்களை வீடற்றவர்களாக்கினார்கள். பின்பு அவர்களுக்கு ஓர் இல்லம் கொடுத்து, அதற்குக் காவலும் வைத்தார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவர் வேதத்தைக் கையில் ஏந்திய மனிதர். நாம் வெட்கத்தோடு இதை நினைவுகூர வேண்டும். நாம் அவரைவிட நல்லவர்கள் என்று சொல்லிக்கொள்வதற்காக அல்ல. அவருக்கு இருந்த நல்லெண்ணம் நமக்கும் இருக்கிறது என்பதற்காகவே. நல்லெண்ணம் அவரைக் காப்பாற்றவில்லை; நம்மையும் காப்பாற்றாது.

சங்கிலியும் பெயரும்

கதரேனர் நாட்டில் ஆண்டவர் சந்தித்த மனிதனை இப்போது நினைவுகூருவோம். அவனுடைய வியாதியைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் லூக்கா இன்னொன்றையும் கவனமாகக் குறிக்கிறார்: அவன் வீட்டில் வாசம்பண்ணாமல் கல்லறைகளில் தங்கியிருந்தான் (லூக்கா 8:27). அவன் வீடற்றவன். ஊரார் அவனுக்குச் செய்த ஏற்பாடு என்ன? சங்கிலியும் விலங்கும் காவலும் (8:29). ஊரின் பாதுகாப்புக்காகவும் அவனுடைய நன்மைக்காகவுமே அதைச் செய்ததாக அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆண்டவரோ முதலாவது அவனுடைய பெயரைக் கேட்டார். பின்பு அவனை விடுவித்தார். ஊரார் வந்து பார்த்தபோது அவன் உடை உடுத்தி, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருந்தான். ஒரு பகல் இல்லத்தின் வேலை முழுவதும் இந்த மூன்றில் அடங்குகிறது என்று நான் எண்ணுவதுண்டு: பெயர் சொல்லி அழைக்கப்படுதல், மானமாய் உடுத்தியிருத்தல், விரட்டப்படாமல் உட்கார்ந்திருத்தல்.

அடுத்து நடந்ததுதான் நம்மைச் சோதிக்கிறது. சுகம்பெற்றவன் ஆண்டவரோடேயே இருக்க வேண்டிக்கொண்டான். எந்த ஊழியக்காரன் இதை மறுப்பான்? எப்பேர்ப்பட்ட சாட்சி! மேடைக்கு மேடை அழைத்துச் செல்லலாமே! ஆண்டவரோ அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அவனுடைய வீட்டுக்கே அவனை அனுப்பினார் (8:38–39). வீடற்றவனாய்க் கல்லறையில் கிடந்தவன் வீடுள்ளவனாய்த் திரும்பிப் போனான். தமக்குச் சொந்தமானவனையும் அவர் கட்டிவைக்கவில்லை.

மூஸ் கிராமத்து விருந்தாளி

இதே தீவுக் கூட்டத்தில் வேறொரு பாதையும் உண்டு; அது நம் தமிழர் ஒருவர் நடந்த பாதை. வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் 1890-களில் கார் நிக்கோபாரில் உள்ள மூஸ் கிராமத்துக்குச் சென்று, அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அரசாங்கப் பொறுப்பும் அவருக்கு இருந்தது. நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார். அவர் பெரிய பிரசங்கியார் என்று பெயர் எடுத்தவர் அல்லர்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ரோஸ் தீவில் மக்கள் மிஷனெரியின் இடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மூஸ் கிராமத்திலோ அவர்களுடைய இடத்துக்கு இவர் போனார். நிலம் அவர்களுடையது, தென்னை அவர்களுடையது, கம்பங்கள்மேல் நிற்கும் வட்ட வடிவக் குடில்கள் அவர்களுடையவை. அங்கே இவரே அந்நியர், இவரே விருந்தாளி.

அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். அவர் பர்மாவுக்குச் சென்று கல்வி பெற்று, தம் மக்களிடமே திரும்பிவந்தார். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் தீவு துன்புற்றபோது மக்களோடிருந்து துன்புற்றார். 1950-ல் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952-ல் முதலாவது மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1978-ல் அவர் மறைந்தபோது கார் நிக்கோபார் கிறிஸ்தவத் தீவாயிருந்தது. உபதேசியார் சாலமோன் அவரைத் தம் பள்ளியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. வெளியே போக விட்டார். வெளியே போனவர் தம் ஜனத்துக்கு மேய்ப்பனாகத் திரும்பினார்.

கேட்டுக் கொடுத்தலும் கேளாமல் கொடுத்தலும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்து பிறப்புப் பண்டிகையின் மறுநாள். அந்த நிக்கோபார்த் திருச்சபையின் மக்கள் ஒரே நாளில் வீடற்றவர்களானார்கள். கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைக் கடல் அழித்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டிருந்த கட்சால் தீவும் மிகக் கொடிய அழிவைக் கண்டது.

தேசமெங்குமிருந்து உதவி குவிந்தது. நம் சபைகளும் கொடுத்தன. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆயினும் தகரத்தால் அமைத்த தற்காலிகக் குடியிருப்புகள் தீவு வெயிலில் கொதித்தன. கருவிகளைத் தாருங்கள், எங்கள் வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று கேட்ட குரல்கள் அன்று போதுமான அளவு கேட்கப்படவில்லை. பெரிய கூட்டுக் குடும்பமாய் வாழ்ந்தவர்களுக்கு ஒவ்வொரு சிறு குடும்பத்துக்கும் ஒரு வீடு என்று அளந்து கொடுக்கப்பட்டபோது கூரை கிடைத்தது. கூட்டு வாழ்வு சிதறியது.

எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயு குருடன் என்பது யாவருக்கும் தெரிந்ததே. இருந்தும் ஆண்டவர் அவனிடம், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). சர்வத்தையும் அறிந்தவரே கேட்டாரானால், ஒன்றும் அறியாத நாம் கேளாமல் கொடுக்கலாமா?

நம் கதவு எப்படிப்பட்டது?

ஆகையால் பகல் இல்ல ஊழியத்துக்கு முன்வருகிற சகோதர சகோதரிகளுக்குச் சில ஆலோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள். நல்ல மேய்ப்பன் ஆடுகளைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறான் (யோவான் 10:3). வயதில் மூத்தவரை 'நீ' என்று அழைக்காதிருங்கள். அவர் தெருவில் படுத்தாலும் ஒரு வீட்டின் தகப்பனாயிருந்தவர்.

இரண்டாவது, உணவை ஜெபக்கூட்டத்துக்கு விலையாக்காதிருங்கள். ஜெபியுங்கள்; பாடுங்கள்; கேட்கிறவர்களுக்கு நம்பிக்கையின் காரணத்தைச் சொல்லுங்கள். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் இலை விழும் என்பது ரோஸ் தீவின் காவலைப் போன்றதே. ஆண்டவர் ஐயாயிரம் பேரைப் போஷித்தபோது யார் விசுவாசி என்று பிரித்து உட்காரவைக்கவில்லை. இலவசமாய்ப் பெற்றதை இலவசமாகவே கொடுக்கும்படிதான் சீஷர்களுக்குக் கட்டளையிட்டார் (மத்தேயு 10:8).

மூன்றாவது, புகைப்படம் வேண்டாம். நம் பத்திரிகைக்கும் வேண்டாம். தட்டேந்தி நிற்கும் முகத்தை அச்சிட்டுக் காணிக்கை கேட்பது, கல்கத்தாவில் கூட்டத்தின்முன் அந்தமானியரை நிறுத்தியதற்கு எவ்விதத்தில் வேறானது?

நான்காவது, வருகிறவர்களுக்கும் வேலை கொடுங்கள். எம்மாவு ஊரில் விருந்தாளியாய் உட்கார்ந்தவரே அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டுக் கொடுத்தார் (லூக்கா 24:30). தேநீர் ஆற்றத் தெரிந்தவர் ஆற்றட்டும். முடிவெட்டத் தெரிந்தவர் வெட்டட்டும். எப்பொழுதும் வாங்குகிற கை சோர்ந்துபோகும்.

ஐந்தாவது, போகிறவரைப் போகவிடுங்கள். சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். நாம் வாங்கிக் கொடுத்த சட்டையை விற்றுக் குடித்துவிட்டும் வருவார்கள். பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவனே திரும்பிவந்தான் (லூக்கா 17). மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அவர் மனம் நொந்தது. ஆயினும் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு எச்சரிப்பும் தேவை. கதவைத் திறந்துவைப்பது கைவிடுவது ஆகாது. மனநோயால் அலைகிறவரையும், காய்ச்சலில் நடுங்குகிறவரையும், தனியே அகப்பட்ட பிள்ளையையும், அவர்கள் விருப்பம் என்று தெருவுக்கு அனுப்பிவிடுவது அன்பல்ல. அவர்களுக்குரிய மருத்துவரையும் அலுவலரையும் நாடி, கூடவே போங்கள். நல்ல சமாரியன் காயம்பட்டவனைச் சத்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். செலவுக்கும் பணம் வைத்தான். ஆனால் அவனை அடிமையாக்கிக்கொள்ளவில்லை. தன் வழியே போனான். திரும்பி வரும்போது மேற்கொண்டு ஆகும் செலவைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். தூக்கவும் தெரிந்தது, விடவும் தெரிந்தது. இதுவே ஊழியத்தின் ஞானம்.

அப்படியானால் கனி எங்கே என்று சிலர் கேட்கலாம். ஐயா, இத்தனை நாள் சோறு போட்டோம், எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று கணக்குக் கேட்கலாம். ஆத்தும பாரத்தோடு கேட்கிற அந்தக் கேள்வியை நான் அவமதிக்கவில்லை. ஆனால் ரோஸ் தீவு இல்லத்திலும் கணக்கு இருந்தது. எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் உடை உடுத்தினார்கள், எத்தனை பேர் ஆங்கிலம் பேசினார்கள் என்ற கணக்கு. மூஸ் கிராமத்துப் பள்ளியிலோ ஒரு உபதேசியார் சில பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கனியை எங்கே வைப்பது என்பதைத் தேவனே அறிவார். கதவைத் திறந்துவைப்பது நம் வேலை. அதன் வழியாய் வருகிறவர்களைத் தம்மிடம் சேர்ப்பது வாசலாகிய அவருடைய வேலை.

கடைசியாக ஒன்று. மனுஷகுமாரனுக்குத் தலைசாய்க்க இடமில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார் (லூக்கா 9:58). நாளைக்குக் காலை உங்கள் ஆலயத்துக் கதவருகே மழையில் நனைந்து ஒருவர் ஒதுங்கி நிற்கக்கூடும். வாரநாட்களில் நம் ஆலயங்களில் பெரும்பாலானவை பூட்டியே கிடக்கின்றன. கூடமும் மின்விசிறியும் குழாயும் கழிப்பறையும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக்கிடக்கின்றன. வாரத்தில் ஒரு பகலாவது அந்தக் கதவைத் திறக்க உங்கள் சபையின் மூப்பர்களிடம் பேசுங்கள். இரண்டு மூன்று பேர் முன்வந்தால் தொடங்கிவிடலாம். திறக்கும்போது ஒன்றை மட்டும் மறவாதிருங்கள்: அது உள்ளே வரவும் திறக்கட்டும், வெளியே போகவும் திறக்கட்டும்.

ஜெபிப்போம்:

தலைசாய்க்க இடமில்லாதிருந்த ஆண்டவரே, உமது நாமத்தினால் நாங்கள் கட்டிய கூண்டுகளை எங்களுக்கு மன்னியும். உதவி என்ற பெயரில் நாங்கள் பூட்டிய கதவுகளைத் திறந்தருளும். தெருவோரத்தில் பகலைக் கழிக்கிற எங்கள் சகோதர சகோதரிகளின் பெயர்களை எங்களுக்குக் கற்றுத் தாரும். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் திருச்சபைகளையும், ஆழிப்பேரலையில் தங்களுக்கு அருமையானவர்களை இழந்த குடும்பங்களையும், இன்று எஞ்சியிருக்கும் பூர்வகுடி மக்களையும் காத்தருளும். எங்கள் வாசல்களை உம்மைப் போன்ற வாசல்களாக்கும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.